போரிலிருந்து வந்தவன் மார்ஷல் ஆகிறான்: வெஸ்டர்ன் நாவல் எழுத ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டுவிட்டு மேற்கே போய், எல்லைப்புற ஊர் ஒன்றில் காவல் பொறுப்பை ஏற்கும் ஒருவன். இந்தக் கதையைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். சிவகாசியில் அச்சான காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். நான் ஒன்றை எழுதி முடித்தேன். அதன்பின் நண்பர்கள் எழுதிய பிரதிகளையும் படித்தேன். ஏறக்குறைய எல்லாப் பிரதிகளும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன: முதல் அத்தியாயத்திலேயே போர்க்களம். பீரங்கி, ரத்தம், நண்பனின் மரணம். இருபது பக்கம் தாண்டி ஊருக்கு வரும்போது ஆசிரியருக்கு மூச்சு வாங்குகிறது.

வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் வருடம், பிறகு பதவி, பிறகு ஊர். போர் அதற்கப்புறம்தான். கீழே அதே வரிசையில் தந்திருக்கிறேன்.

1. மேஜையில் வேண்டியவை

ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: வருடம், நாயகனின் வயது, அந்த வருடம் நடந்தது. கதை முடியும்வரை இது கையருகே இருக்கட்டும்.

பழைய செய்தித்தாள்கள் அடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'க்ரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற பெயரில் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தலையங்கத்தை விட்டுவிட்டு விளம்பரங்களைப் படியுங்கள். பூட்ஸ் என்ன விலை, பல் பிடுங்குகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார், எந்த ரயில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

கதை 1880களில் நடந்தால், தீக்காப்பீட்டுக்காக சான்போர்ன் நிறுவனம் வரைந்த ஊர் வரைபடங்களைத் தேடுங்கள். எந்தக் கட்டடம் மரம், எது செங்கல் என்பதுவரை குறித்திருப்பார்கள். தெருச் சண்டையில் யார் எதன் பின்னால் ஒளியலாம் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

2. வருடத்தை முதலில் பூட்டுங்கள்

'1870கள்' என்று பொதுவாக வைத்துக்கொண்டு தொடங்கினால் பத்தாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆயுதம், ரயில், முள்கம்பி, சட்டம் எல்லாமே வருடத்துக்கு வருடம் மாறிய காலம் அது.

வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையிலான அந்தப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கியது. 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். 1843இல் பிறந்தவன் 18 வயதில் படையில் சேர்ந்திருப்பான், போர் முடியும்போது 22, 1871இல் 28, 1881இல் 38. இருபத்தெட்டு வயது மார்ஷலும் முப்பத்தெட்டு வயது மார்ஷலும் ஒரே ஆள் இல்லை. புதியவர்கள் எழுதும் 'நரைத்த மீசைப் போர்வீரன்' பெரும்பாலும் கணக்கில் இடிக்கிறான். 1871இல் அவனுக்கு நரை வேண்டுமென்றால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் போருக்குப் போயிருக்க வேண்டும். அப்படிப் போனவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் மனைவி, பிள்ளை, கடன் எல்லாம் இருந்திருக்கும். அதையும் எழுத வேண்டும்.

இந்த வழிகாட்டிக்கு 1871, கன்சாஸ் என்று வைத்துக்கொள்கிறேன். டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகள் நடந்தே வடக்கே வந்து, ரயிலேறிய காலம். அபிலீன் என்ற ஊருக்கு அதுதான் கடைசிப் பெரிய பருவம். கன்சாஸ் போரில் வடக்கின் பக்கம் நின்ற மாநிலம். மாடு ஓட்டி வருகிறவர்களில் பலர் தெற்குக்காகச் சண்டை போட்டவர்கள். போர் முடிந்து ஆறே வருடம். மோதலை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ரயில் நிலையத்தில் தயாராக நிற்கிறது.

3. எந்த பேட்ஜ்?

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. ஷெரீஃப், மார்ஷல், டெபுடி மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். மெட்ராஸில் ஷெரீஃப் என்பது ஒரு கௌரவப் பதவியாக இருந்ததால் நம் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுகிறதோ என்னவோ.

ஷெரீஃப் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் பொறுப்பு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் அவர் அரசியல்வாதியும்கூட. பல இடங்களில் வரி வசூலும் அவர் தலையில்தான். அதில் ஒரு பங்கு அவருக்குப் போகும்.

ஊர் மார்ஷல் மேயருக்கும் நகர மன்றத்துக்கும் கீழே வேலை பார்ப்பவர். ஊர் எல்லையைத் தாண்டினால் அவர் அதிகாரம் தள்ளாடும். அடிதடி, அபராதம், லைசென்ஸ், தெருநாயைச் சுடுவதுவரை அவர் வேலை. ஆம், நாய். நாவலில் இது வந்தால் வாசகர் உடனே நம்புவார்.

டெபுடி யு.எஸ். மார்ஷல் மத்திய அரசின் ஆள். தபால் கொள்ளை, கள்ளப்பணம், பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலப்பரப்பில் விஸ்கி விற்பது போன்ற வழக்குகள் இவருடையவை. ஒரு மாநிலத்துக்குள் நடந்த சாதாரணக் கொலை இவர் கணக்கில் வராது. மாதச் சம்பளமும் கிடையாது. கைதுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று கட்டணம்தான். அர்க்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தில் 1875 முதல் இந்தப் பதவியில் இருந்த பாஸ் ரீவ்ஸ், அடிமையாகப் பிறந்து போர்க்காலத்தில் தப்பி ஓடியவர்.

பதவியை முன்பே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், கதையின் எதிரி அதிலிருந்துதான் பிறக்கிறான். 1881இல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நகர மார்ஷலாக இருந்த வர்ஜில் ஏர்ப் வடக்குப் படையில் மூன்று வருடம் இருந்தவர். கவுண்டி ஷெரீஃப் ஜான் பீஹானுக்கும் ஏர்ப் சகோதரர்களுக்கும் ஆகாது. அக்டோபர் 26 அன்று நடந்த அந்தப் பெயர்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணம், ஊருக்குள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற நகரச் சட்டம். சட்டவிரோதக் கும்பல் எதிரே, கூடவே இன்னொரு பேட்ஜ் பக்கவாட்டில். இப்படி இரண்டு பக்கமும் இறுகினால்தான் நாவலுக்கு நீளம் கிடைக்கும்.

நமக்கு ஊர் மார்ஷலே போதும். வேலையின் கால அளவே கதைக்கு வடிவம் கொடுத்துவிடும். 1871 ஏப்ரலில் அபிலீன் நகர மன்றம், துப்பாக்கிச் சண்டைக்குப் பெயர்போன வைல்ட் பில் ஹிக்காக்கை மாதம் 150 டாலருக்கு மார்ஷலாக அமர்த்தியது. அபராதத்தில் கால் பங்கும் உண்டு. மாட்டுப் பருவம் முடிந்தது. டிசம்பரில் அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். ஒரு மாடோட்டிக்கு அப்போது மாதம் 30, 40 டாலர்தான். ஆக, ஊரே பொறாமைப்படும் சம்பளம், ஆனால் பருவ வேலை. இதை விடப் பிரமாதமான சட்டகம் எங்கே கிடைக்கும்?

4. ஊரை மூன்று கோபமாகப் பிரியுங்கள்

மார்ஷல், வில்லன் என்று இரண்டு பேரை மட்டும் வைத்தால் ஊர் வெறும் பின்திரையாகிவிடும். கன்சாஸ் மாட்டு ஊரில் குறைந்தது மூன்று தரப்பு உண்டு.

வியாபாரிக்கு மாடோட்டிகளின் காசு வேண்டும், சத்தம் கூடாது. மாடோட்டிக்கு மூன்று மாதத் தூசியைக் கழுவ வேண்டும். விவசாயிக்கு இரண்டு பேருமே வேண்டாம். டெக்சாஸ் மாடுகள் தாண்டிப் போன இடத்தில் உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன. உண்ணிதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் உங்கள் பாத்திரங்களுக்கும் தெரியக் கூடாது. 1872 தொடக்கத்தில், மாட்டை வேறு ஊருக்குக் கொண்டு போங்கள் என்று அபிலீன் மக்களே அறிக்கை விட்டார்கள். மார்ஷலின் சம்பளம் எந்தக் காசிலிருந்து வந்ததோ, அதை ஊரே வேண்டாம் என்றது.

பழங்குடிகள் கதையில் வந்தால் 'செவ்விந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஓசேஜ், ஷெயேன், காவ் என்று எந்த இனம், அந்த வருடம் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்து எழுதுங்கள். பார்க்க நேரமில்லை என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடுவதே நல்லது.

5. இப்போது போர்: ஒரு களம், ஒரு வேலை

நாலு வருடப் போரை முழுசாக அவன் தலையில் கட்டாதீர்கள். ஒரு களம் போதும். அதிலும், அவன் என்ன வேலை பார்த்தான் என்பதுதான் முக்கியம். எல்லாரும் முன்வரிசையில் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. கோவேறு கழுதை வண்டி ஓட்டியவன், தூக்குப்படுக்கை சுமந்தவன், பிணம் புதைத்தவன் எல்லாருமே போர்வீரன்தான்.

நான் எடுத்துக்கொண்டது ப்ரொவோஸ்ட் கார்டு. படையின் உள்காவல். இவர்கள் சண்டை வரிசைக்குப் பின்னால் நிற்பார்கள். பயந்து ஓடி வருகிற சொந்தப் பையன்களை நிறுத்தித் திரும்ப முன்னே தள்ளுவது இவர்கள் வேலை. 1863 ஜூலை, கெட்டிஸ்பர்க் சண்டை. நம் ஆளுக்கு இருபது வயது. யாரோ ஒரு பதினெட்டு வயதுப் பையனைத் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துத் திருப்பி அனுப்புகிறான். பையன் போகிறான். அவ்வளவுதான். அப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் நோட்டில் எழுதி மூடி வையுங்கள். நாவலின் முதல் பாதியில் இது வரவே கூடாது. வாசகர் பார்க்க வேண்டியது அதன் விளைவை. ஒரு பிரதியில் இப்படி இருந்தது:

'பையன் ஓடுவதைப் பார்த்ததும் மார்ஷலின் மனக்கண்ணில் கெட்டிஸ்பர்க் விரிந்தது. பீரங்கிகள் முழங்கின. அவர் கண்கள் கலங்கின.'

மூன்று வாக்கியத்தில் கையிருப்பு காலி. அதையே இப்படி எழுதிப் பார்த்தோம்:

'பையன் ஓடினான். மார்ஷல் அசையவில்லை. "பிடிங்க, பிடிங்க!" என்று கடைக்காரர் கத்தினார். "குதிரை இங்கேதான் நிக்குது. காலையில வருவான்" என்றார் மார்ஷல். கடைக்காரர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், மார்ஷலைப் பார்த்தார். நூற்றைம்பது டாலர் கொடுத்து வைத்திருக்கும் ஆள்.'

ஓடுகிறவனை இவர் ஏன் துரத்துவதில்லை? வாசகர் கேட்கத் தொடங்கிவிட்டார். ஊரும் கேட்கிறது. கோழை என்று பேச்சு கிளம்புகிறது. பதில் நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

6. போரை உடம்பில் வையுங்கள்

எல்லைப்புற டாக்டர் ஒருவர் நாயகனுக்கு 'மன அதிர்ச்சி நோய்' என்று பெயர் சொல்லும் காட்சியை நான் மூன்று பிரதிகளில் பார்த்துவிட்டேன். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல். 1871இல் ஜேகப் டா கோஸ்டா என்ற பிலடெல்ஃபியா மருத்துவர், போருக்குப் போனவர்களின் நெஞ்சுப் படபடப்பைப் பற்றி எழுதினார். இதயக் கோளாறு என்ற கோணத்தில்தான் எழுதினார். ஆகவே உங்கள் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, அபின் கலந்த லாடனம் சொட்டு எழுதிக் கொடுப்பார். அந்தப் பாட்டில் அலமாரியில் இருந்தால் போதும், தனியாக ஒரு கிளைக்கதை அதிலிருந்து வளரும்.

தூக்கம், சாப்பிடும் வேகம், சத்தம், காயம்பட்ட மூட்டு மழைக்கு முன்னால் குடைவது என்று சிறு சிறு விஷயங்களாகப் போடுங்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கனவுக் காட்சி? என்னைக் கேட்டால் மொத்த நாவலிலும் ஒன்றுகூட வேண்டாம்.

7. எதிரில் நிற்பவனும் போருக்குப் போனவன்

இதை மறந்தால் நாயகனின் காயம் வெறும் அலங்காரமாகிவிடும். மந்தையைக் கொண்டு வரும் டெக்சாஸ்காரரை லீயின் படையில் இருந்த டெக்சாஸ் பிரிகேடில் கேப்டனாக வைக்கலாம். அந்தப் பிரிகேட் கெட்டிஸ்பர்க்கிலும் இருந்தது. எஞ்சியவர்கள் அப்போமாட்டாக்ஸில் சரணடைந்தார்கள். அங்கே சரணடைந்தவர்களுக்கு ஊர் போய்ச்சேர அச்சடித்த சீட்டு ஒன்று கொடுத்தார்கள். சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். அதிகாரிகள் இடுப்பு ஆயுதத்தையும். ஆறு வருடமாக அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், 'துப்பாக்கியைக் கழற்றிக் கொடுங்கள், ஊர்ச் சட்டம்' என்று நம் ஆள் சொல்ல வேண்டும். ஜெயித்த படையின் தலைவர்களே பறிக்காத ஆயுதத்தை ஒரு ஊர் மார்ஷல் கேட்கிறார்.

இங்கே அடிக்கடி நேரும் தகவல் தவறுகள்: தெற்குப் படையில் இருந்தவர் காவல் பதவிக்கே வர முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 1881இல் டெக்சாஸின் எல் பாசோ ஊருக்கு மார்ஷலான டல்லஸ் ஸ்டவுடன்மயர் தெற்கின் சிப்பாய்தான். மத்திய அரசின் ஓய்வூதியம் தெற்கு வீரர்களுக்குக் கிடையாது. வடக்கு வீரர்கள் இலவச நிலத்துக்கான ஐந்து வருட வாசத்தில் தங்கள் படைக்காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை 1872இல்தான் வந்தது. 1871 கதையில் அதைப் போடாதீர்கள்.

வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். மாடோட்டிகளிலும் கறுப்பினத்தவர் கணிசம். இரண்டுமாக ஒரு ஆள் உங்கள் ஊருக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை 9ஆம் பகுதியில் பார்ப்போம்.

8. துப்பாக்கியும் குதிரையும்

கோல்ட் நிறுவனத்தின் பெயர்பெற்ற 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வர் 1873இல் வந்தது. 1871 கதையில் அது இல்லை. ஹிக்காக் வைத்திருந்தது 1851 நேவி மாடல். அதில் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து அழுத்தி, பின்னால் ஒரு சின்ன கேப் மாட்ட வேண்டும். தீபாவளித் துப்பாக்கியின் பொட்டு கேப் நினைவிருக்கிறதா? அதன் மூதாதை. திரும்ப நிரப்ப நிமிடக்கணக்கில் ஆகும். ஆகவே 'மீண்டும் தோட்டாக்களை நிரப்பியபடி ஓடினான்' கிடையாது. சுட்டு முடித்தால் முடித்ததுதான். அதனால்தான் சிலர் இரண்டு வைத்திருந்தார்கள்.

கருமருந்து என்பதால் நாலு குண்டுக்குள் எதிரே புகைத்திரை. இரவு என்றால் சொல்லவே வேண்டாம். 1871 அக்டோபர் 5 இரவு, ஹிக்காக் ஃபில் கோ என்ற சூதாட்டக்காரரைச் சுட்ட மறுநொடி, உதவிக்கு ஓடி வந்த சொந்த ஆள் மைக் வில்லியம்ஸையும் சுட்டுவிட்டார். உங்கள் உச்சக்காட்சியில் எல்லாரும் எல்லாரையும் தெளிவாகப் பார்க்கிறார்களா? அப்படியானால் அதைத் திரும்ப எழுதுங்கள்.

குதிரை பைக் இல்லை. நாளுக்கு முப்பது, நாற்பது மைல் போகும். தண்ணீர், தீனி, ஓய்வு வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் ராத்திரி முழுக்க ஓட்டினால் விடியும்போது நடந்துதான் வர வேண்டியிருக்கும்.

சுட்டபின் என்ன நடக்கிறது என்பதையும் விட்டுவிடுவார்கள். பிண விசாரணை உண்டு, சாட்சி உண்டு. டூம்ஸ்டோன் சண்டை அரை நிமிடம். அதன்மேல் நடந்த நீதிமன்ற விசாரணை ஏறக்குறைய ஒரு மாதம். நோட்டில் மூடி வைத்த கெட்டிஸ்பர்க் சம்பவத்தைத் திறக்க எனக்கு அகப்பட்ட இடம் அந்த விசாரணைதான். 'ஏன் துரத்தவில்லை?' என்று சத்தியப் பிரமாணத்தின் மேல் ஒருவர் கேட்டால், பதில் சொல்லியாக வேண்டுமே.

9. தமிழ்ப் பேச்சு

இங்கேதான் நம் வேலை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் வேலையைவிடக் கடினம். சுவாரசியமும் இங்கேதான்.

முதலில் சொற்கள். 'மார்ஷல் சலூனுக்குள் நுழைந்தார்' என்று எழுதினால், வாசகருக்கு முடிவெட்டும் நாற்காலிதான் தெரியும். மதுக்கூடம் என்று எழுதுங்கள். விஸ்கிக்கடை என்றால் இன்னும் உயிர். மைலும் டாலரும் அப்படியே இருக்கட்டும். கிலோமீட்டர் வந்தால் காலம் கெட்டுவிடும். 'ஓ, என் கடவுளே' போன்ற டப்பிங் தமிழும் வேண்டாம், எல்லாரையும் மதுரைக்காரராக்கும் வட்டார வழக்கும் வேண்டாம். எந்த ஊர் என்று சொல்ல முடியாத, சுருக்கமான பேச்சுத் தமிழ் போதும்.

அடுத்து நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். நமக்கு ஒவ்வொரு வசனத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். இதைச் சுமையாக நினைக்காமல் ஆயுதமாக்குங்கள். எழுதத் தொடங்கும் முன் ஒரு கட்டம் போடுங்கள்: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்த அத்தியாயத்தில் மாறுகிறது?

மேயர் ஏப்ரலில் மார்ஷலை 'நீங்க' என்பார். டிசம்பரில் 'நீ' ஆகிவிடும். போர் முடிந்தும் பழைய படைப்பட்டத்தைச் சொல்லியே கூப்பிடும் வழக்கம் இருந்தது. அதனால் டெக்சாஸ்காரரை அவர் ஆட்கள் 'கேப்டன்' என்றே அழைப்பார்கள். நம் ஆளும் அப்படிக் கூப்பிட வேண்டுமா, கூடாதா? அந்தக் கேப்டன் இவரை முதலில் 'நீ' என்கிறார். எப்போது 'நீங்க' வருகிறது? என் நாவலில் அது 212ஆம் பக்கம்; அதற்காக மட்டும் இரண்டு வாரம் செலவானது.

கறுப்பின மாடோட்டி ஒருவர் மதுக்கூடத்துக்குள் வருகிறார். எல்லாரும் அவரை 'டேய்' என்கிறார்கள். மார்ஷல் ஒரே ஒரு முறை, 'நீங்க எந்த ரெஜிமென்ட்?' என்று கேட்கிறார். கிளாஸ் சத்தம் நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்தக் காட்சியை இவ்வளவு சிக்கனமாக எழுதவே முடியாது.

10. எழுதும் வரிசை

முதல் அத்தியாயம் ஏப்ரல்: வேலைக்கான பேரம், சம்பளம், ஆயுதத் தடை அறிவிப்பை ஆணியடிப்பது. ஜூனில் முதல் மந்தை. அங்கேயிருந்து பருவம் சூடேறி அக்டோபரில் உடைகிறது. விசாரணை, டிசம்பரில் கணக்கு முடிப்பு. கடைசி அத்தியாயத்தை இரண்டாவதாக எழுதி வைத்துவிடுங்கள். எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் நடுவில் சுற்ற மாட்டீர்கள்.

முதல் பிரதி முடிந்ததும் வருடம் பார்க்கும் வாசிப்பு ஒன்று. முள்கம்பி (க்ளிடன் காப்புரிமை, 1874), தொலைபேசி (1876), வின்செஸ்டர் '73 ரைஃபிள் ஆகியவை எங்காவது எட்டிப் பார்க்கின்றனவா என்று தேடுங்கள். அடுத்து நீ, நீங்கள் கட்டத்தை வைத்துக்கொண்டு வசனங்களை மட்டும் ஒரு வாசிப்பு. மூன்றாவது வாசிப்பில் 'கெட்டிஸ்பர்க்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எனக்கு முதலில் முப்பத்தொன்று வந்தது. அச்சுக்குப் போகும்போது நாலு.